கோழித் தீவனம் புளிக்க வைக்க வேலூரில் கிடைக்கும் சாமான்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கேழ்வரகு மாவை ராத்திரி கரைத்து வைத்து, மறுநாள் நொய் வேகவிட்டு அதில் ஊற்றிக் கூழ் காய்ச்சத் தெரிந்த வீட்டுக்கு, கோழித் தீவனம் புளிக்க வைப்பது புது வித்தை இல்லை. அதே நொய், அதே தண்ணீர், அதே புளிப்பு. அடுப்பு மட்டும் கிடையாது. ஆனாலும் இதைத் தொடங்க நினைக்கிறவர் கையில் முதலில் திணிக்கப்படுவது ஒரு நுண்ணுயிர்ப் பாட்டில். அடுத்து காற்றுக்குழாய் மூடி போட்ட வாளி. பிறகு கம்பெனித் தீவன மூட்டை, புளிப்பை அளக்கும் பி.எச். தாள், இன்னும் என்னென்னவோ. வீட்டுப் பின்புறம் 10 முதல் 20 கோழி வளர்ப்பவருக்கு இவற்றில் எது தேவை என்பதுதான் இங்கே கேள்வி. விலை போடவில்லை, மக்காச்சோளமும் புண்ணாக்கும் மாதத்துக்கு ஒரு விலை விற்கின்றன.

புளிப்பு என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போவோம். தானியத்தின் மேல் இயல்பாகவே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் ஈரம் கிடைத்ததும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் தின்று அமிலம் சுரக்கின்றன. பி.எச். 4.5-க்குக் கீழே இறங்கினால் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) சால்மொனெல்லா, ஈ.கோலி போன்றவை தலையெடுக்க முடியாது. தானியத்தில் கோழிக்குச் செரிக்காத பைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸில் ஒரு பங்கு அவிழ்கிறது. மாவு தூசியாகப் பறந்து மண்ணில் வீணாவது நிற்கிறது. கோழி அலகால் தள்ளிவிட்டு மக்காச்சோளத்தை மட்டும் பொறுக்கித் தின்னும் வேலையும் நடக்காது. லாபம் இவ்வளவுதான். இதற்கு மேல் யாராவது சொன்னால் அது விற்பனைப் பேச்சு.

பாத்திரம்

இதில்தான் நம் பக்கத்து ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போனால் ரோட்டோரப் பழைய சாமான் கடைகளில் நீல நிற பிளாஸ்டிக் டிரம் அடுக்கி வைத்திருப்பார்கள். கெட்டியான டிரம், மலிவான விலை, இறுக்கமான மூடி. பார்த்தால் ஆசை வரும். வாங்காதீர்கள். தோல் தொழிற்சாலைகளில் சோடியம் சல்பைடு, ஃபார்மிக் அமிலம், குரோம் உப்பு, சாயம் என்று பலதும் புழங்குகின்றன. உங்கள் கையில் வரும் டிரம் எதைச் சுமந்து வந்தது என்று விற்பவருக்கே தெரியாது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் வாசனை போகும். பிளாஸ்டிக்குக்குள் ஊறியது போகாது. தண்ணீர் பிடித்து வைப்பதைவிட இது மோசம், ஏனென்றால் நாம் அதில் வைக்கப்போவது அமிலம். அமிலம் உள்ளே ஊறியதை வெளியே இழுக்கும். மதிப்பெண் கேட்டால் பூஜ்யம்.

பெயின்ட் வாளி அதற்கு அடுத்த தவறு. உள்ளே ஒட்டிய பெயின்ட் செதில் செதிலாக உரிந்து தீவனத்தில் விழும். ஆனால் ஓட்டல்களிலும் இனிப்புக் கடைகளிலும் டால்டா, ஊறுகாய், பாகு வந்த காலி வாளிகள் கிடைக்கும். அடியில் முக்கோணத்துக்குள் 5 அல்லது 2 என்ற எண் இருக்கும். உணவு வந்த வாளி என்பது தெரிந்தால் அதைவிடச் சிறந்த பாத்திரம் வேறில்லை. 10 கோழிக்கு 5 லிட்டர் வாளி மூன்று போதும். எல்லாவற்றையும் ஒரே பெரிய வாளியில் வைப்பதைவிட மூன்று சின்ன வாளி நல்லது. ஒன்று கெட்டால் ஒரு நாள் தீவனத்தோடு நஷ்டம் முடிந்துவிடும்.

மண் பானை வெயில் காலத்தில் உள்ளே சற்றுக் குளிர்ச்சியாக வைத்திருக்கும், அது உண்மை. ஆனால் அதன் நுண்துளைகளில் பூசணம் ஒருமுறை ஏறிவிட்டால் கழுவி எடுக்க முடியாது, வெயிலில் காயவைத்தாலும் அடுத்த தடவை அதே இடத்தில் பச்சையாகத் தலைகாட்டும். புதுப் பானை, நன்றாகப் பழக்கியது, பூசணம் பிடித்தால் தூக்கிப் போடத் தயார் என்றால் சரி. அலுமினியக் குண்டான், தகர வாளி இரண்டும் வேண்டாம். அமிலம் உலோகத்தைத் தின்னும், துத்தநாகப் பூச்சு கரைந்து தீவனத்தில் இறங்கும். எவர்சில்வர் இருந்தால் தாராளமாக.

காற்றுக்குழாய் மூடி போட்ட வாளி வரவழைத்தால் வேலை செய்கிறது. உள்ளே உண்டாகும் வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. அதே வேலையை மூடியை அழுத்தாமல் சும்மா மேலே வைத்து ஒரு கல்லைத் தூக்கி வைத்தாலும் செய்யலாம். குழாயில் ஊற்றிய தண்ணீர் வேலூர் மே மாத வெயிலில் இரண்டு நாளில் வற்றிவிடும் என்பதை அதோடு வரும் சீட்டில் போடுவதில்லை. இறுக்கித் திருகும் மூடி மட்டும் ஆபத்து. வாயு போக வழியில்லாமல் வாளி வீங்கி, திறக்கும்போது மூஞ்சியில் அடிக்கும்.

தீவனம்

லேயர் மேஷ், அதாவது முட்டைக் கோழிக்கான மாவுத் தீவன மூட்டையை அப்படியே தண்ணீரில் கொட்டிப் புளிக்க வைப்பது எல்லோரும் முதலில் செய்வது. மூன்று நாள் ஆகியும் புளிக்கவில்லை, நுரை மட்டும் பொங்குகிறது என்று பிறகு புலம்புவார்கள். காரணம் தெரிய ஒரு சின்னச் சோதனை போதும். ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் லேயர் மேஷ் போட்டு அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். சுர்ரென்று சத்தம் கேட்கும், அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழி எழும்பி மாவைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். அது முட்டை ஓட்டுக்காகச் சேர்த்த சுண்ணாம்புக் கல் தூள். முட்டைக் கோழித் தீவனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதுதான். பாக்டீரியா சுரக்கிற அமிலத்தை எல்லாம் சுண்ணாம்பு தின்றுவிடுகிறது. நுரை வருகிறது, புளிப்பு வருவதில்லை. பி.எச். 5.5-க்கு மேலேயே நின்றால் அது புளித்த தீவனம் அல்ல, ஊறிக் கிடக்கும் தீவனம். கெட்ட கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. கம்பெனித் தீவனத்தில் லைசின், மெத்தியோனின் என்று அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்திருப்பார்கள். அதற்கு விலை கொடுத்துத்தான் மூட்டையை வாங்குகிறோம். தொட்டியில் புளிப்பு ஏறுவதற்கு முன் உள்ள முதல் சில மணி நேரத்தில், தனியாகக் கரைந்து கிடக்கும் லைசினைக் கோலிஃபார்ம் பாக்டீரியாக்கள் (ஈ.கோலி வகையறா) சிதைத்துவிடும். ஆக, காசு கொடுத்து வாங்கிய சத்தை நாமே கிருமிக்குப் படைக்கிறோம். முழுத் தீவனத்தையும் புளிக்க வைக்கக் கூடாது, தானியத்தை மட்டும் புளிக்க வைத்துப் புரதத்தையும் தாதுவையும் கொடுக்கும்போது கலக்க வேண்டும். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

குச்சியாக வரும் பெல்லட், அதை உடைத்த கிரம்பிள் இரண்டும் நீராவியில் வேகவைத்து அழுத்தியவை. அந்தச் சூட்டில் தானியத்தோடு வந்த நல்ல பாக்டீரியாவும் செத்துப் போயிருக்கும். தண்ணீரில் போட்டால் கரைந்து களியாகும், தானாகப் புளிக்க அதிக நேரம் எடுக்கும். குஞ்சுத் தீவனத்திலும் பிராய்லர் தீவனத்திலும் ரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து பெரும்பாலும் கலந்திருக்கும். அதைப் புளிக்க வைப்பதில் அர்த்தமே இல்லை. மாட்டுத் தீவனத்தைக் கோழிக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் யூரியா சேர்ந்திருக்க வாய்ப்புண்டு, மாட்டின் வயிறு வேறு, கோழியின் வயிறு வேறு.

மண்டி வீதியிலோ லாங் பஜார் பக்கமோ தானியமாகவே வாங்குவதுதான் கணக்குக்கு ஒத்துவரும். மக்காச்சோளத்தை இரண்டாக நான்காக உடைத்து வாங்குங்கள், மாவாக வேண்டாம். கம்பு முழுசாகவே புளிக்கும், மேல் தோல் மெத்தென்று ஆகிவிடும். நொய்யரிசிக்கு ஆரணி ஆலைப் பக்கம் போகிறவர் கை நிறைய அள்ளி மூக்கருகே வைத்துப் பார்த்தால் போதும்; பழசாக இருந்தால் மக்கல் வாடை, வண்டு. கேழ்வரகு நல்லது, சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது, ஆனால் கோழிக்குப் போட்டுக் கட்டுப்படியாகிற விலையில் இப்போது கிடைப்பதில்லை. கேவுரு கூழாகவே போகட்டும்.

தவிடு வாங்குவதில் கவனம் வேண்டும். எண்ணெய் எடுக்காத தவிடு ஆலையிலிருந்து வந்த சில நாளிலேயே சிக்கடிக்கத் தொடங்கும், அதிலுள்ள லைபேஸ் நொதி எண்ணெயை உடைப்பதால். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தால் புதுசு லேசாக இனிக்கும், பழசு கசக்கும். ஒரு குவளைத் தண்ணீரில் தூவிப் பார்த்தால் உமி மேலே மிதக்கும். பாதிக்குப் பாதி மிதந்தால் அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டாம். புளிக்க வைத்தால் சிக்கு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. போகாது. புளிப்பு வாசனையில் அது மறையும், அவ்வளவுதான்.

கடலைப் புண்ணாக்கு நம் ஊர்ச் சரக்கு. குடியாத்தம், திருவண்ணாமலை வரைக்கும் செக்குக்குக் குறைவில்லை. ஆனால் மழைக்காலத்துப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு இருக்கக்கூடும். பிட்டுப் பார்த்து உள்ளே பச்சை, கருப்பு, சாம்பல் எது தெரிந்தாலும் வேண்டாம். தெரியாவிட்டாலும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. இதுவும் புளிக்க வைத்தால் சரியாகிற விஷயம் இல்லை. முட்டைக் கோழிக்குச் சோயாப் புண்ணாக்கு பாதுகாப்பு. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு கலந்தால் மஞ்சள் கரு நாளடைவில் பச்சை பாய்ந்து போகும். பிறகு முட்டை வாங்குகிறவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பாட்டில்

இ.எம். கரைசல் என்று விற்கும் திறன்மிகு நுண்ணுயிரிக் கலவையில் லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா எல்லாம் இருக்கின்றன. போலி இல்லை, வேலை செய்யும். இயற்கை விவசாயம் செய்கிறவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். 1 லிட்டர் கரைசல், 1 கிலோ வெல்லம், 20 லிட்டர் தண்ணீர் என்று கலந்து ஒரு வாரம் வைத்துப் பெருக்குவது வழக்கமான முறை. கோழித் தீவனத்துக்கு அந்தப் பெருக்கிய கரைசலை ஊற்றும்போதுதான் சிக்கல். வெல்லத்தில் மிச்சமிருக்கும் சர்க்கரை ஈஸ்ட்டுக்கு விருந்து. நம் வெயிலில் இரண்டாம் நாளே கள்ளு வாசனை அடிக்கும். கோழிக்குப் போதை ஏறுகிறதா என்று சிரிப்பதற்கு முன், தானியத்தின் சத்து சாராயமாகப் போகிறதே என்று பார்க்க வேண்டும்.

பாட்டிலுக்குப் பதில் உப்புப் போடாத நீராகாரம் 100 மில்லி போதும், 1 கிலோ தானியத்துக்கு. பழைய சோற்றில் முதல் நாள் ராத்திரி ஊற்றிய தண்ணீர். அதிலிருப்பது அரிசியில் வளர்ந்து பழகிய பாக்டீரியா, நொய்யிலும் கம்பிலும் உடனே பிடித்துக்கொள்ளும். தயிரும் மோரும் ஊற்றலாம், பழுதில்லை, ஆனால் அவற்றிலுள்ள வகை பாலுக்குப் பழகியது. தானியத்தில் கொஞ்சம் மந்தம். ஆப்பிள் சிடர் வினிகர் ஊற்றச் சொல்வதும் உண்டு. வினிகரிலுள்ள பாக்டீரியா காற்று கேட்கும், இங்கே நமக்கு வேண்டியது காற்றில்லாத புளிப்பு. வேண்டாத செலவு.

முதல் தடவைக்குத்தான் இந்த உறை. அதன் பிறகு ஒவ்வொரு வாளியிலும் அடியில் ஒரு கரண்டி விட்டுவைத்து அதன் மேலேயே அடுத்த தானியத்தைப் போட்டால் போதும், இட்லி மாவுக்குப் பழைய மாவு விடுவது மாதிரி. பத்துப் பன்னிரண்டு முறைக்கு ஒருமுறை வாளியை வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

தண்ணீர்

யாரும் விற்காத சாமான், அதனால் யாரும் பேசாத சாமான். வேலூர் மாநகரில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரில் குளோரின் போட்டிருப்பார்கள். குளோரினுக்கு நல்ல கிருமி கெட்ட கிருமி தெரியாது. அகன்ற பாத்திரத்தில் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் பறந்துவிடும். போர் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பாலாற்றங்கரையோரம் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய கிணறுகள் பல இடத்தில் உப்பு. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே இந்தக் கழிவைப் பற்றித்தான். உப்புத் தண்ணீரில் தானியம் புளிக்கத்தான் செய்யும். கோழிக்குத்தான் சேதம்: உப்பு கூடினால் தண்ணீராகக் கழியும், ஈரக் கழிச்சலில் கூண்டு நாறும், ஆள் அதைப் புளித்த தீவனத்தின் மேல் பழிபோடுவார். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள். 1000-க்குக் கீழே நல்லது. 1000-இலிருந்து 3000 வரை ஓட்டலாம், ஆனால் கழிச்சல் இளகும். அதற்கு மேல் குடிக்கவே வைக்கக் கூடாது, தீவனத்துக்கு எங்கே? ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் தண்ணீரைச் சிக்கனம் என்று கோழிக்கு ஊற்றுவதும் இதே கணக்கில்தான் வரும். மீட்டர் மட்டும் இந்தப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுக்கலாம் என்கிற பொருள்.

அளவும் செய்முறையும்

முட்டையிடும் 10 நாட்டுக்கோழி, கூண்டில் அடைத்து வளர்ப்பது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோழிக்கு நாளைக்கு உலர்ந்த கணக்கில் 100 கிராம், மொத்தம் 1 கிலோ. மேய விட்டால் பாதி போதும். 10 நாளுக்கான 10 கிலோ கலவை இப்படி: உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கம்பு 1.5 கிலோ, நொய் 1.5 கிலோ, தவிடு 1 கிலோ. இந்த 8 கிலோதான் தண்ணீரைப் பார்க்கும். சோயாப் புண்ணாக்குத் தூள் 1.5 கிலோ, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 400 கிராம், கோழிக்கென்று விற்கும் தாது உப்புக் கலவை 100 கிராம். இந்த 2 கிலோ உலர்ந்த டப்பாவில் தனியாக இருக்கட்டும். புரதம் 16 சதவீதத்தை ஒட்டி வரும். உப்புக் கருவாடு கண்டிப்பாக வேண்டாம். கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள், முட்டையிடுகிற கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும்.

தினம் 800 கிராம் தானியக் கலவை, 1 லிட்டர் தண்ணீர். கிளறினால் அடை மாவு பதம் இருக்க வேண்டும். நாலைந்து மணி நேரத்தில் தானியம் ஊறி மேலே உலர்ந்து தெரியும், அப்போது இன்னும் ஒரு டம்ளர் ஊற்றித் தானியத்துக்கு மேல் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி செய்யுங்கள். வாளியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும், பொங்கும். காலையும் மாலையும் சுத்தமான கரண்டியால் அடிவரை கிளறுவது அவசியம். மேலே மிதக்கும் தவிடும் தோலும் காற்றில் காய்ந்தால் பூசணம் அங்கேதான் முதலில் உட்காரும்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு நாள்காட்டியைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரத்தில், நிழலான இடத்தில், 24 மணி நேரம், மிஞ்சினால் 36. தகரக் கொட்டகைக்குள் வைத்தால் புளிப்பதற்கு முன் அழுகும். மழைக்காலத்தில் 2 நாள். மார்கழி, தை மாத ராத்திரிக் குளிரில் முழுசாக 3 நாள், சமையலறை மூலையில் வைத்தால் கொஞ்சம் முன்னதாக. அதனால் வெயில் காலத்துக்கு இரண்டு வாளிச் சுற்று, பனிக்காலத்துக்கு மூன்று.

கொடுக்கும்போது தண்ணீரை வடித்து (கொஞ்சத்தை உறைக்கு எடுத்துக்கொண்டு), டப்பாவிலிருந்து 200 கிராம் உலர் கலவையைப் பிசறினால் புட்டு மாவு பதம் வரும். கையில் பிடித்தால் நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். காலையில் பாதி, மாலை 4 மணிக்கு மேல் பாதி. வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தட்டில் கிடந்த மிச்சத்தை எடுத்துக் குப்பைக் குழியில் போட்டுவிடுங்கள். ஈ மொய்த்த தீவனத்தை மறுநாள் வாளியில் திருப்பிக் கொட்டுவதைப்போல முட்டாள்தனம் கிடையாது.

கெட்டுப்போவதும் காரணமும்

மூக்குதான் கருவி. இட்லி மாவு வாசனை, லேசான தயிர்ப் புளிப்பு வந்தால் சரி. மேலே வெள்ளையாக மெல்லிய ஏடு, சுருக்கம் விழுந்த பட்டுத்துணி மாதிரி படிந்தால் அது ஒருவகை ஈஸ்ட். வழித்து எறிந்துவிட்டுக் கிளறிக் கொடுக்கலாம். காற்று அதிகம் படுகிறது, கிளறுவது போதவில்லை என்பதற்கு அறிகுறி. ஆனால் பஞ்சு மாதிரி மயிர் விட்டிருந்தாலோ பச்சை, கருப்பு, ரோஸ் நிறம் தெரிந்தாலோ மேலே மட்டும் எடுத்தால் போதாது, வேர் அடிவரை ஓடியிருக்கும். மொத்தத்தையும் புதைத்துவிடுங்கள். மாட்டுக்குக்கூட வேண்டாம்.

கள்ளு வாசனை அடித்தால் நாள் கூடிவிட்டது, அல்லது வெல்லம், பழத்தோல், சாதம் ஏதோ உள்ளே போயிருக்கிறது. நாளைக் குறைத்து, பாதி உறையை மட்டும் வைத்துக்கொண்டு தொடரலாம். வாந்தி வாடையோ முட்டை அழுகிய வாடையோ வந்தால் பேச்சே இல்லை, கொட்டிவிட வேண்டும். பெரும்பாலும் புண்ணாக்கையும் கருவாட்டையும் சேர்த்தே ஊறப் போட்டிருப்பார்கள். புரதம் அமிலத்தைத் தாங்கிப் பிடித்துப் புளிப்பைத் தாமதப்படுத்தும், அந்த இடைவெளியில் அழுகல் முந்திக்கொள்ளும். கரண்டியில் எடுத்தால் எச்சில்போல நூல் இழுத்தால் அதுவும் தோற்ற வாளி.

இரண்டாம் நாளும் புளிப்பே ஏறவில்லை என்றால் மூன்று சந்தேகம்: தண்ணீரில் குளோரின், தானியத்தில் பூச்சி மருந்துத் தூள், அல்லது தீவனத்தில் சுண்ணாம்பு. எலுமிச்சைச் சோதனை கடைசிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். மண்டியில் சேமிப்புக்கு மருந்து போட்ட தானியமும், விதைக்கென்று ரோஸ் நிறத்தில் மருந்து பூசிய விதையும் தீவனமே அல்ல.

கோழி தொடவில்லையா? பயப்பட வேண்டாம். பழகிய உலர் தீவனத்தில் கால் பங்கு கலந்து நாலு நாளில் கூட்டினால் போதும். பொய்கைச் செவ்வாய்ச் சந்தையில் வாங்கி வந்த புதுக் கோழிக்கு முதல் ஒரு வாரம் எந்த மாற்றமும் செய்யாதீர்கள், அது வந்த அலைச்சலே போதும். இரண்டு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்கு உலர்ந்த குஞ்சுத் தீவனம்தான் சரி. ஆம்பூர்ப் பக்கம் பிரியாணிக் கடை மிச்சத்தை வாளியில் சேர்க்கும் பழக்கம் இருக்கிறது. உப்பு, நெய், மசாலா மூன்றும் சேர்ந்தால் புளிக்காது, சிக்கெடுத்து நாறும்.

பி.எச். தாள் வாங்க நினைத்தால் 1 முதல் 14 வரை நிற அட்டையோடு வரும் தாளைக் கேளுங்கள். கடையில் லிட்மஸ் தாளை நீட்டுவார்கள். அது அமிலமா இல்லையா என்று மட்டும் சொல்லும், 6-ஐயும் 4-ஐயும் சரியாகப் பிரித்துக் காட்டாது. முதல் மாதம் மட்டும் தேவைப்படும். 4 முதல் 4.5 காட்டுகிற வாளியின் வாசனை மூக்குக்குப் பழகிவிட்டால் தாளுக்கு வேலை இல்லை.

கடைசியாக ஒன்று. பாட்டில் விற்பவர்கள் வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வராது, முட்டை இரட்டிப்பாகும் என்றெல்லாம் சொல்வார்கள். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசிதான்: 7-ஆம் நாள் லசோட்டா சொட்டு, 8-ஆம் வாரம் ஆர்.டி.வி.கே. அல்லது ஆர்2பி ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். முட்டை எண்ணிக்கை கோழியின் இனத்தையும் வெளிச்சத்தையும் புரதத்தையும் பொறுத்தது. தினமும் காலை மாலை கிளற ஆளில்லாத வீட்டுக்கு, வாரம் ஒருமுறை வெளியூர் போகிறவருக்கு இந்த முறை ஒத்துவராது. அவர்களுக்கு உலர் தீவனமே மேல். பாட்டிலுக்கு 5-க்கு 2, காற்றுக்குழாய் வாளிக்கு 2, டால்டா வாளிக்கு 5, டி.டி.எஸ். மீட்டருக்கு 5. நீராகாரத்துக்கு மதிப்பெண் போட மனசு வரவில்லை, கோழிக்கு ஊற்றியது போக மிச்சத்தில் ஒரு கல் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டால் தீர்ந்தது.